அணிந்துரைக்குப் போன பிரதி

1

நாங்கள் லண்டனுக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த அன்று காலை, என் கையால் எனக்கே விலாசம் எழுதிய உறை ஒன்று தபாலில் வந்தது. இந்த ஊரில் கையெழுத்துப் பிரதியை அனுப்பும்போது, அதைத் திருப்பி அனுப்புவதற்கான உறையையும் ஸ்டாம்பு ஒட்டி நாமே கூட வைக்க வேண்டும். உள்ளே என் மூன்று அத்தியாயங்கள் இருந்தன. கூடவே ஓர் அச்சடித்த சீட்டு: பார்க்கக் கொடுத்ததற்கு நன்றி, எங்களுக்கு ஏற்றதாக இல்லை. கையெழுத்துகூடக் கிடையாது. இது ஒன்பதாவது.

சம்பூர்ணம் பத்து வருஷத்துக்கென்று சேமியா பாயசம் வைத்திருந்தாள்.

"இன்னா வசந்தா நைனா, மறுபடியும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"சரி, இதைத் துன்னுட்டு வேலைக்குப் போங்க. ஆறிப்போவுது."

எங்கள் மகள் வசந்தா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். ஏழு வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினேழு. தமிழ் பேசுவாள், அதுவும் எங்கள் இருவரிடம் மட்டும். எழுத்து மட்டும் தெரியும், படிக்க வராது. அலமாரியில் இருந்த ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்து, அட்டையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நைனா, கோவிச்சுக்க மாட்டியே? இதை நெஜமாவே நீதான் எழுதினியா?"

நான் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். ரயில் சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. அன்று முழுக்க ரசீதுகளைத் தப்பும் தவறுமாகச் சரிபார்த்தேன். ஒன்பது பேர் என் எழுத்தை வேண்டாமென்றது எனக்குப் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. என் வீட்டிலேயே ஒருத்தி சாட்சி கேட்டதைப் பொறுக்க முடியவில்லை.

நான் எழுதிய புத்தகத்தைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவர் சித்தூரில் இருக்கிறார். அவர் செய்ததை அச்சில் ஏற்ற வேண்டும், அவர் அதைப் படிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நல்ல எண்ணம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் அதை வைத்துக்கொண்டுதான் பத்துக் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு அந்த வருஷங்கள் மறந்திருக்காது. ஆந்திர மாநிலம் தனியாகி, எல்லை எங்கே விழும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் புத்தூர் பக்கத்தில் ஓர் எலிமெண்டரி பள்ளியில் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் இரண்டும் கலந்தது. எங்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று யார் யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்யப் போகிறார்கள் என்றதும், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சத்தியவேடு முதல் நகரி வரை, விடுமுறை நாள்களில் எல்லாம் ஊர் ஊராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன். வீட்டில் என்ன பேசுகிறீர்கள்?

நகரி மலை தெரிகிற ஒரு கிராமத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி சொன்னது: "புருஷங்கிட்ட தெலுங்கு. மாட்டுக்கிட்ட தமிழு. சண்டைன்னு வந்துட்டா ரெண்டும்."

இப்படி இரண்டு வருஷம். முந்நூறு பக்கத்துக்கு மேல் வந்தது. நோட்டுகளில் மசியால் எழுதி, நூலால் தைத்து வைத்தேன். அச்சுக்குக் கொடுக்க ஒன்றுதான் பாக்கி என்று எல்லோரும் சொன்னார்கள். பெரிய மனிதர் ஒருவரிடம் அணிந்துரை. அது இல்லாத புத்தகம் நம் பக்கத்தில் சட்டை போடாமல் கல்யாணத்துக்குப் போனவன் மாதிரி. சித்தூரில் பெரிய வக்கீல் ஒருவர், எங்கள் ஜனம், எங்கள் ஊர்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தவர். அவரிடம் நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அணிந்துரை கேட்கப் போகிறவன் நகல் வைத்துக்கொண்டு போனால், நம்பவில்லை என்றல்லவா அர்த்தம்?

ஒன்றரை வருஷம் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் கையாலேயே காப்பி ஆற்றிக் கொடுத்தார். "படிச்சிக்கினுதான் இருக்கேன் மேஷ்டரே. அவசரப்பட்டு எழுதற விஷயமா இது?" ஒரு தடவை வசந்தாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னதும், தன் காரை அனுப்பித் திருப்பதி டாக்டரிடம் கூட்டிப் போகச் செய்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புத்தகத்தை நான் முதலில் பார்த்தது திருப்பதியில், பஸ் நிற்கும் இடத்துக் கடையில். பச்சை அட்டை. மேலே அவர் பெயர், பி.ஏ., பி.எல். கடலை உரித்த அம்மாள் பதினேழாம் பக்கத்தில் அப்படியே இருந்தாள். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயரும் இருந்தது: பிரதி எடுத்து உதவிய பள்ளி ஆசிரியர்.

நேராகச் சித்தூருக்குப் போனேன்.

"வா மேஷ்டரே. எப்படி வந்திருக்குது? அட்டைதான் எனக்குப் புடிக்கல. பிரஸ்காரன் பச்சை போட்டுட்டான்."

"எம் பேரு சார்?"

"உள்ள பாக்கலியா? நன்றியில மொதல் பேரே உன்னுதுதான்."

"நான் எழுதினது சார் அது."

அவர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நீதான் எழுதின. யாரு இல்லன்னாங்க? ஆனா எலிமெண்டரி வாத்தியாரு எழுதினதுன்னு போட்டா கமிட்டிக்காரன் பிரிச்சிப் பாப்பானா? பி.எல்.னு இருந்தா பாப்பான். இப்ப சொல்லு. உனக்குப் பேரு வேணுமா, ஊரு வேணுமா?"

அதற்கு நான் சொன்ன பதிலை இந்த இடத்தில் எழுதக் கை வரவில்லை. பிறகு சொல்கிறேன். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எல்லைக் கமிட்டியில் உட்கார்ந்தார். அவர் கழுத்தில் மாலை விழுந்தது. எல்லை மட்டும் எங்கள் ஊரைத் தாண்டிப் போய் விழுந்தது. திருத்தணி சென்னைப் பக்கம், நாங்கள் ஆந்திராப் பக்கம். கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள், "பெரியவருக்கு நல்லா காப்பி எடுத்துக் குடுத்தியாமே" என்று முதுகில் தட்டினார்கள். அந்தத் தட்டைத் தாங்க முடியாமல்தான் கடல் தாண்டினேன்.

3

இங்கே வந்து, நடந்ததை எல்லாம் இங்கிலீஷில் எழுதினேன். அந்த வக்கீல் இங்கிலீஷில் அச்சானதை மட்டும்தான் சத்தியம் என்று நம்புகிறவர்.

சனிக்கிழமைகளில் பேட்டை நூலகத்தில் தடித்த ஒரு விலாசப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வேன். பதிப்பகங்கள் ஒரு பகுதி, இலக்கிய ஏஜெண்டுகள் இன்னொரு பகுதி. ஏஜெண்டு என்றால் என்ன என்று அங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர் உண்டல்லவா, அந்த மாதிரி புத்தகத்துக்கு ஒருவர். எந்தப் பதிப்பகம் எதை வாங்கும், யாருக்கு எந்தக் கதை பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விற்றால் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. அணிந்துரை கேட்க மாட்டார். சிபாரிசு கேட்க மாட்டார். இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

விதிகளை எல்லாம் குறித்துக்கொண்டேன். காகிதத்தில் ஒரு பக்கம் மட்டும் டைப் செய்ய வேண்டும். வரிக்கு வரி இடைவெளி. கார்பன் நகல் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதியின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

வசந்தா பள்ளியில் டைப் கற்றுக்கொண்டிருந்தாள். பழைய மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்லத் தட்டுவாள். என் இங்கிலீஷைத் திருத்துவாள். பிறகு நான் சொல்லாததையும் திருத்தினாள்.

"நைனா, இது லெட்டரா, மனுவா? 'தங்கள் பாதம் பணிந்து'ன்னு இங்க யாரும் எழுத மாட்டாங்க."

"மரியாதை வேணாமா?"

"மரியாதை வேற, காலைப் புடிக்கிறது வேற."

அதை எடுத்துவிட்டேன். ஆனால் அவளுக்குத் தெரியாமல் வேறு ஒன்று செய்தேன். தாலுகா ஆபீசில் பழகியவன் நான். சாட்சிக் கையெழுத்து இல்லாத காகிதம் எந்த மேஜையையும் தாண்டாது. அதனால் பத்தாவது ஏஜெண்டுக்கு அனுப்பும்போது, என் அலுவலக மேலாளர் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழையும், 'இதில் கண்ட யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்ற உறுதிமொழியையும், அதற்குக் கீழே இரண்டு பேரின் கையெழுத்தையும் சேர்த்து வைத்தேன்.

பதினைந்து நாளில் உறை வந்தது. என் கையெழுத்து இல்லாத உறை. நேரில் வரச் சொல்லி எழுதியிருந்தது.

4

மிஸ் ஹார்வுட் அறுபது வயது அம்மாள். கம்பளிச் சட்டை முழுக்கப் பூனை மயிர். மேஜை மேல் என் பிரதி, அதன் மேல் என் நன்னடத்தைச் சான்றிதழ்.

"இத்தனை வருஷத்தில் நல்லவன் என்று சான்றிதழோடு வந்த முதல் எழுத்தாளர் நீங்கள்தான்," என்றாள். "அதற்காகவே பிரித்தேன். பிரித்த பிறகு கீழே வைக்கவில்லை."

அடுத்து அவள் சொன்னதுதான் என்னைத் தூக்கி அடித்தது.

"அந்த வக்கீல் இருக்கிறாரே, அற்புதமான ஆள். அவர் வருகிற பக்கமெல்லாம் உயிராக இருக்கிறது. காப்பி ஆற்றுகிறார், கார் அனுப்புகிறார், திருடுகிறார். படிக்கிறவர்களுக்கு அவரைப் பிடித்துப் போகும்."

அவரை வெறுக்க வைப்பதற்காக எழுதினேன் என்றேன். எதிரியின் நல்ல குணத்தையும் சொன்னால்தான் கோர்ட்டில் நம்புவார்கள் என்பதால் அதையும் எழுதினேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அவர் உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"அதுதான் சிக்கல். இந்த ஊர்ச் சட்டத்தில் உயிரோடு இருக்கிறவரைத் திருடன் என்று அச்சிட்டால், பதிப்பகத்தின் மேல் அவதூறு வழக்குப் போடலாம். உண்மைதான் என்று நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு. உங்களிடம் எழுத்தில் ஏதாவது உண்டா? அந்த நோட்டுகள்?"

"அவரிடம்தான் இருக்கின்றன. அணிந்துரைக்குக் கொடுத்தேன்."

அணிந்துரை என்றால் என்னவென்று விளக்குவதற்குள் வேர்த்துவிட்டது. ஒருவர் புத்தகத்துக்கு இன்னொருவர் ஏன் நல்ல பேர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

"அப்படியென்றால் பெயரையும் ஊரையும் மாற்றி நாவலாக்கி விடுங்கள். அல்லது காத்திருங்கள். இறந்தவர்கள் வழக்குப் போடுவதில்லை."

பெயரை மாற்றினால் நான் எழுதியதற்கே அர்த்தம் இல்லை. காத்திருக்க முடிவு செய்தேன்.

5

அந்த வாரமே என் மைத்துனன் முனுசாமிக்குக் கடிதம் எழுதினேன். கங்காதர நெல்லூரில் இருக்கிறான், சித்தூருக்கு அடிக்கடி போவான். விதைப்பு எப்படி, மழை எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: வக்கீல் பெரியவர் உடம்பு எப்படி இருக்கிறது?

மாதம் ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு தடவை இந்தக் கேள்வி. கெட்ட எண்ணம்தான். ஏரோகிராமைப் பிரிக்கும்போது கண் முதலில் அந்த வரியைத்தான் தேடும். 'கொஞ்சம் இளைச்சிட்டாரு மாமா' என்று வந்தால் அன்று ஒரு வாய் கூடவே சாப்பிடுவேன். 'சக்கரை இருக்குதாம், ஆனா நடக்கிறாரு' என்று வந்தால் பசி இருக்காது. சம்பூர்ணம் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். கடிதத்தை நான் சாப்பிட்ட பிறகு கொடுக்க ஆரம்பித்தாள்.

முனுசாமி வெள்ளை மனசுக்காரன். நான் இப்படி விசாரிப்பதைப் பார்த்து, பழசை எல்லாம் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததோடு நிற்காமல் போய் அவரிடமே சொல்லியிருக்கிறான். அவன் எழுதியது இது: "மாசாமாசம் உங்களைக் கேக்கறாரு சார்னு சொன்னேன் மாமா. பெரியவரு கண்ணு கலங்கிட்டாரு. உங்க விலாசம் கேட்டாரு, எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

அடுத்த மாதம் வக்கீலின் கடிதம் வந்தது. எழுத்து பெரிசு பெரிசாகக் கோணிக்கொண்டு கிடந்தது. கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம். குமாஸ்தாவைக் கொண்டு எழுத மனமில்லாமல் தானே எழுதியிருக்கிறார். நான் அதை வசந்தாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடாமல் படிக்க வேண்டும் என்று முதலில் நினைக்கவில்லை. படிக்க ஆரம்பித்த பிறகு விட முடியவில்லை.

"அன்புள்ள மேஷ்டருக்கு. நீ என் உடம்பைப் பற்றி விசாரிப்பதாக முனுசாமி சொன்னான். உன் எழுத்தை என் பெயரில் போட்டது நான்தான். அது தப்பு. ஊருக்காகச் செய்கிறேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைக் கேட்டபோது நீயும் ஊர்தான் வேண்டும் என்று சொன்னாய். அந்தத் தைரியத்தில் இருந்துவிட்டேன். பேரும் உனக்கு வரவில்லை, ஊரும் வரவில்லை. நீ மன்னித்தது உன் பெரிய மனசு. ஒரு வரி எழுது."

மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த வசந்தா திரும்பிப் பார்த்தாள்.

"நெஜமாவே நீதான் எழுதியிருக்க."

"நான்தான்."

"ஸாரி நைனா." கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா நீ சரின்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"புக்ல அப்படி இல்லியே. வாயைத் தொறக்காம எழுந்து வந்துட்டேன்னு இருக்குது. நான்தானே டைப் பண்ணினேன்."

ஆமாம், அப்படித்தான் எழுதியிருந்தேன். ஊர்தான் சார் வேண்டும் என்று சொல்லி, அவர் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்தவன் நான். வருஷக்கணக்கில் அந்தக் காப்பியை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

6

கடிதத்தில் உள்ளதை நான் சொன்னதும் மிஸ் ஹார்வுட் எழுந்து நின்றுவிட்டாள். ஒப்புதல் கைப்பட இருக்கிறது, இனிப் பதிப்பகத்து வக்கீல்கள் பயப்பட மாட்டார்கள் என்றாள். ஒன்று மட்டும் எச்சரித்தாள். கடிதத்தைப் புத்தகத்தில் அச்சிட முடியாது. கடிதத்தில் உள்ள வார்த்தைகள் எழுதியவருக்குச் சொந்தம், அவர் அனுமதி இல்லாமல் இன்னொருவர் போடுவது சட்டப்படி திருட்டு. சாட்சியாகப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நான் சிரித்ததற்குக் காரணம் அவளுக்குப் புரியவில்லை. என் முந்நூறு பக்கத்துக்குக் கிடைக்காத காவல் அவருடைய அரைப் பக்கத்துக்குக் கிடைக்கிறது.

பெட்டியில் வைக்க இங்கிலீஷில் ஒரு மொழிபெயர்ப்பு வேண்டும் என்றாள். வசந்தா மிஷினைத் தொட மாட்டேன் என்றாள்.

"அவரு உன்னை நம்பி எழுதியிருக்காரு. நீ ஹெல்த் விசாரிச்சேன்னு நெனச்சிக்கினு எழுதியிருக்காரு."

"நான் நம்பித்தான் நோட்டைக் குடுத்தேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதானா?"

"இல்ல. அவரு எழுதின எதையும் நான் எம் பேருல போட்டுக்கல."

இரண்டு நாள் வீட்டில் மிஷின் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் அவளே வந்தாள். "நீ சரின்னு சொன்னதை புக்ல எழுது. காப்பி குடிச்சதையும் எழுது. அதை எழுதினா இதையும் டைப் பண்றேன்."

தாலுகா ஆபீசில்கூட இவ்வளவு கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. எழுதினேன். அரைப் பக்கத்துக்கு நான்கு நாள் பிடித்தது. கதவு சாத்திய அறை, காப்பி, நான் சொன்ன பதில், போட்ட கும்பிடு, எல்லாம். அவள் ஒரு எழுத்தையும் திருத்தாமல் டைப் செய்தாள். மிஸ் ஹார்வுட் அதைப் படித்துவிட்டு, இப்போதுதான் புத்தகம் முடிந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதினாள். அதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அவர் மாட்ட வேண்டுமானால் நானும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும் என்றால், உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அச்சாகி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். வக்கீலின் பெயர், ஊர், பட்டம் எல்லாம் அதில் உள்ளபடியே வரும். இந்தக் குறிப்பில் நான் பெயர் போடாததற்குக் காரணம் பயம் இல்லை. அந்தப் பெயர் முதலில் அங்கேதான் அச்சாக வேண்டும்.

வக்கீல் கேட்ட ஒரு வரியைப் போன வாரம் எழுதி அனுப்பினேன். மன்னித்தேன் என்று எழுதவில்லை, மன்னிக்கவில்லை என்றும் எழுதவில்லை. புரை முற்றுகிற வரை காத்திருக்க வேண்டாம், வேலூர் போய்க் கண் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள் என்று எழுதினேன். துணைக்குப் போகச் சொல்லி முனுசாமிக்கும் எழுதினேன். இந்தத் தடவை அவர் உடம்பைப் பற்றி நான் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும். இன்னும் ஒரு வருஷம், முடிந்தால் இரண்டு வருஷம்.

இதைப் படிக்கிற சித்தூர்க்காரர்களுக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும். உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். யாரும் போய் இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். கண் கட்டை அவிழ்க்கட்டும். புதுக் கண்ணாடி வரட்டும். புத்தகம் வரட்டும். அவரே படிக்கட்டும்.